ஒழுங்கைக்கு விரித்த மணல்

காலை ஏழு மணிக்கு உழவு இயந்திரம், வீடுகளுக்கு நடுவே ஓடும் அந்தக் குறுகிய ஒழுங்கையின் முகப்பில் வந்து நின்றது. பின்னால் கோத்த பெட்டி நிறைய வெள்ளை மணல். சுபியான் ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே விட்டுப் பார்த்தான். கல்லில்லை, சிப்பியில்லை, அரித்தெடுத்த மா மாதிரி வழிந்தது. மனம் நிறைந்து போயிற்று.

"மருமகன், ரெண்டு பெட்டி சொல்லியிருக்கலாம். இது அறுவது அடிக்குக் காணுமா?" என்றாள் மைமூனா மாமி, வாசலில் விளக்குமாறோடு நின்றபடி.

"காணும் மாமி. மெல்லிசா விரிச்சாப் போதும்."

"கொழும்புல இருந்து வாறாங்க. மெல்லிசா விரிச்சா நம்மளையும் மெல்லிசாத்தான் நினைப்பாங்க."

அவன் மனைவி நதீராவைப் பார்க்கத்தான் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு ஒரு சாண் அகலமாகிவிடும்.

இன்று விடியலில் சுபஹ் தொழுத கையோடு நதீரா ஒலுவிலுக்கு பஸ் ஏறியதைப் போன கிழமைத் தொடரில் பார்த்தோம். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தான் செய்த கல்லின் பலத்தைச் சோதித்த அறிக்கையைக் கையோடு வாங்கிக்கொண்டு பத்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்று போனவள். கதையை நடுவில் பிடித்த பிள்ளைகளுக்காக மிச்சத்தையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். முன்பே படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாய்ந்தமருதில் சுபியானுக்கு ஒரு சின்னக் கல் வாடி, வேலைக்கொட்டகை. சீமெந்துக் கல் அரிந்து, அதாவது அச்சில் வார்த்து, விற்கிறவன். நதீரா தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடத்துறை படித்தவள். இரண்டு மார்கழி வரிசையாக அவர்களுடைய ஒழுங்கைக்குள் வெள்ளம் ஏறியது. வீட்டு நிலத்தை விட உயரமாகப் போட்ட கொங்கிறீட்டு வீதி, பெய்த மழையை ஒரு சொட்டும் கீழே விடாமல் அப்படியே வீடுகளுக்குள் தள்ளிவிட்டது. மாமியின் தையல் மெசின் முழங்கால் தண்ணீரில் மூன்று நாள் நின்றது.

அன்று தொடங்கியவள்தான் நதீரா. வாடியின் மூலையில் சல்லிக்கல்லையும் சீமெந்தையும், சம்மாந்துறை அரிசி ஆலைகளிலிருந்து எடுத்துவந்த உமிச் சாம்பலையும் கலந்து கலந்து, வார்த்து வார்த்து, உடைத்து உடைத்து மூன்று வருடம். கடைசியில் ஒரு கல் வந்தது. மேலே தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்கி, அடியிலுள்ள சல்லிப் படுக்கை வழியாக நிலத்துக்குள் போய்விடும். ஒழுங்கையில் அதற்குத் 'தண்ணி குடிக்கிற கல்லு' என்று பேர்.

சுபியானின் உடன்பிறந்த முபாறக் காக்கா வேறு பேர் வைத்திருந்தார். அவர் மருதமுனையில் கொங்கிறீட்டு வீதி போடும் ஒப்பந்தக்காரர். "ஒன்ட பொஞ்சாதிட ஓட்டைக் கல்லு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தார். சொல்லுக்குச் சொல் வளர்ந்து, இப்போது ஒன்பது மாதமாக அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை.

இனி அந்த நிதியின் விஷயம். வீதி, வடிகால், பாலம், குடிநீர் என்று ஊருக்குப் பொதுவான வேலைகளில் புதிதாக ஒன்றைச் செய்து காட்டியவர்களை, அதை விற்கும் இடம் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போக அரசாங்கம் ஒரு நிதி ஒதுக்கியிருந்தது. வாடி மூலையில் நன்றாக இருக்கும் ஒரு பொருளுக்கும், நாலு மாவட்டத்தில் விலைப்படும் ஒரு பொருளுக்கும் நடுவில் பெரிய பள்ளம் கிடக்கிறது. அச்சு வேண்டும், மெசின் வேண்டும், சான்றிதழ் வேண்டும், முதல் ஆளாகத் துணிந்து வாங்க ஒருவர் வேண்டும். எத்தனையோ கெட்டிக்காரர்கள் அந்தப் பள்ளத்தின் இந்தக் கரையிலேயே இருந்து மூத்துப் போனார்கள். நதீராவின் விண்ணப்பம் இரண்டு தெரிவுகளைத் தாண்டிவிட்டது. மாநகர சபையில் அனுமதி வாங்கி, ஒழுங்கையில் உடைந்து கிடந்த கொங்கிறீட்டைக் கிளப்பி, அறுபது அடிக்குத் தன் கல்லைப் பதித்திருந்தாள். அந்த இடத்தில்தான் இன்றைக்குச் சோதனை. கல் தண்ணீர் குடித்தால் நிதி. குடிக்காவிட்டால் பைல் மூடப்படும். அடுத்த சுற்று வருமா என்று யாருக்கும் தெரியாது.

அதற்குத்தான் இந்த மணல்.

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் கலியாணம் என்றால் வாசலுக்கும் வழிக்கும் புது மணல் விரிக்காமல் இருப்பதில்லை. பதினொரு வருடத்துக்கு முன் சுபியானே மருதமுனையிலிருந்து அப்படி ஒரு மணலில் நடந்துதான் இந்த வீட்டுக்குள் வந்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வாழ வருவதுதானே இங்குள்ள வழமை. வந்தவன் வந்தவன்தான். மாமி அவனைக் குறை வைத்ததுமில்லை, சும்மா விட்டதுமில்லை.

"என்ன மச்சான், ரெண்டாம் கலியாணமா?" எதிர்வீட்டு றினோஸா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நதீராவைத் தாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். "நதீரா தாத்தா ஊட்ட இல்லாத நேரம் பாத்து மணல் பறிக்கிறீங்க."

"முதல் கலியாணத்துக்கே இவ்வளவு மணல் பறிக்கல்ல, புள்ள."

"நிண்டு பல்லக் காட்டாம வா, விளக்குமாத்தப் புடி" என்றாள் மாமி.

ஒரு சின்னச் சந்தேகம் சுபியானுக்கு வராமலில்லை. கல்லின் கண்களில், அந்த நுண்ணிய துளைகளில், அழுக்கு அடையக் கூடாது என்று நதீரா அடிக்கடி சொல்வாள். ஆனால் மணல் அழுக்கா? கடற்கரை ஊர்க்காரன் அவன். வாளித் தண்ணீரை மணலில் கொட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போவதைப் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறவன். மணலும் தண்ணீர் குடிக்கும், கல்லும் தண்ணீர் குடிக்கும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டான்.

விரித்தார்கள். வழமைப்படி மேலே தண்ணீர் தெளித்தார்கள். பெண்கள் நாலைந்து பேர் வெறுங்காலோடு மேலும் கீழும் நடந்து அமுக்கினார்கள். ஒன்பது மணிக்கு ஒழுங்கை, வெள்ளைத் துணி விரித்த மாதிரிக் கிடந்தது.

ஒன்பதேகாலுக்கு நதீரா ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் அறிக்கை இருந்தது. முகத்தில் அதன் நல்ல சேதியும் இருந்தது. ஒழுங்கையைப் பார்த்தாள். சேதி முகத்தை விட்டுப் போய்விட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நடந்து வந்தாள். நடுவில் குந்தினாள். கையால் மணலை ஒதுக்கினாள். கல்லின் முகம் தெரிந்தது; ஊசி முனையளவு கண்களெல்லாம் வெள்ளையாக மூடியிருந்தன. தோள் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஊற்றினாள்.

தண்ணீர் நின்றது. கண்ணாடித் துண்டு மாதிரி, வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவள் வாய் திறக்கு முன்னே சுபியானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆரு போட்ட?"

மாமி விளக்குமாறைப் பார்த்தாள்.

"நான்தான் புள்ள" என்றான் சுபியான்.

"தண்ணி தெளிச்சீங்களா?"

"தெளிச்ச."

"மிதிச்சீங்களா?"

"நல்லா மிதிச்சம் தாத்தா, ஒரு கால் அடையாளம் தெரியாம" என்று றினோஸா பெருமையோடு சொன்னாள்.

நதீரா ஏசுவாள் என்று எதிர்பார்த்தான். ஏசியிருந்தால் அவனுக்கு நல்லாயிருந்திருக்கும். அவள் ஒரு சிட்டிகை மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாடியில சுத்தமான கல்லு முப்பது கிடக்கு" என்று அவள் காதோரம் சொன்னான். "அதுல காட்டுவம். அவங்களுக்குத் தெரியவா போகுது."

"வாடியிலயா வெள்ளம் வந்த?" என்றாள் அவள். "முப்பது கல்லக் கழுவி வச்சு ஆரும் காட்டலாம். ஊரு மிதிக்கிற இடத்தில கிடந்து குடிக்குமா எண்டுதான் அவங்க இவ்வளவு தூரம் வாறாங்க. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

அவள் எழுந்து நிற்கவும் ஒழுங்கை முகப்பில் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சொன்ன நேரத்துக்கு அரை மணி முந்தி.

இரண்டு பேர் இறங்கினார்கள். தலை நரைத்த பொறியியலாளர் பூபாலசிங்கம். திருக்கோவிலில் பிறந்து, முப்பது வருடம் நாடெல்லாம் பாலமும் வீதியும் பார்த்தவர். கூட வந்த இளம் அதிகாரி சுஜித்தாவின் ஒரு கையில் இரும்பு வளையம், மறு கையில் விபரம் பதியும் திரைப்பலகை.

பூபாலசிங்கம் மணலைப் பார்த்தார். குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

"கலியாண வீடு மாதிரி எல்லோ கிடக்கு" என்றார்.

நதீரா அவருக்கு முன்னால் போய் நின்றாள். "சேர், சோதிக்கிறதுக்கு முதல் ஒண்டு சொல்லணும். இந்த மணல் நாங்க போட்ட. வாறவங்கள மரியாதையா எடுக்கணும் எண்டு போட்ட. கல்லுட கண்ணெல்லாம் அடைச்சுப் போச்சு. இப்ப ஊத்தினாத் தண்ணி நிக்கும்."

'நாங்க' என்றாள். சுபியானுக்கு அந்த ஒரு சொல் நெஞ்சில் தைத்தது. அவன் முன்னால் வந்தான். "அவ இல்ல சேர். அவ ஊர்லயே இல்ல. போட்டது நான்."

"நீங்க ஆர்?"

"அவட மாப்பிள்ள. கல்லு அரியிறவன்."

"கல்லு அரியிற நீங்களே கல்லு மேல மணல் கொட்டினீங்களா?" பூபாலசிங்கம் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணில் ஏதோ இருந்தது. "சரி. இப்ப என்ன செய்வம்? நாளைக்கு எங்களுக்கு மட்டக்களப்பில வேற சோதனை. திரும்பி வர ஏலாது."

"திரும்பி வரத் தேவையில்ல சேர். ஊத்துங்க. வாறத எழுதுங்க. அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் தாங்க."

சுஜித்தா விதிகளைத் தட்டிப் பார்த்தாள். "துப்புரவு செய்து, அதே நாள், அதே இடத்தில் ஒரு தடவை மறு சோதனை செய்யலாம் சேர். ஒரே ஒரு தடவை."

வளையத்தைக் கல்லின் மேல் வைத்து, சுற்றிக் களிமண் பூசி, பதினெட்டு லீற்றர் தண்ணீரை அளந்து ஊற்றினார்கள். இரண்டு நிமிடத்துக்குள் இறங்க வேண்டும். இரண்டு நிமிடம் போயிற்று. நாலு போயிற்று. ஆறு நிமிடத்தில் அரைவாசி கூட இறங்கவில்லை.

சுஜித்தா திரையில் ஒரு பெட்டியைத் தொட்டாள். அது சிவப்பாக மாறியது. சுபியான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பூபாலசிங்கம் பைலைத் திறந்து ஒரு பக்கத்தை நதீராவிடம் காட்டினார். ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. "இதப் பாருங்க பிள்ள. பராமரிப்பு எண்ட இடத்தில, உறிஞ்சும் மெசின் வாங்கித் துப்புரவு செய்யலாம் எண்டு எழுதியிருக்கிறீங்க. அந்த மெசின் நான் இந்தப் பக்கம் எங்கயும் காணேல்ல. மணல் நீங்க போட்டாலும் அடைக்கும், போடாட்டியும் நாலு வருசத்தில காத்து கொண்டு வந்து அடைக்கும். கல்லு நல்ல கல்லு. ஆனா உண்மையைச் சொன்னா, நான் இந்தக் கேள்வியோடதான் வந்தனான்."

நதீரா அந்த வட்டத்தை நீண்ட நேரம் பார்த்தாள். அந்த வரி வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்தபடி அவள் எழுதியது. அது அவளுக்கும் தெரியும்.

மேலிருந்த மணலைக் கூட்டி அள்ளினார்கள். றினோஸா தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "மேலால அடிக்காத" என்று நதீரா கையைப் பிடித்து நிறுத்தினாள். "அடிச்சா இன்னும் உள்ளுக்குத்தான் இறங்கும்."

குழாய் கையில், தண்ணீர் ஓட, எல்லோரும் நின்றார்கள். பத்து நிமிடம் அப்படியே போயிற்று. சுபியான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து வாசல் பக்கம் திரும்பினான். அங்கே மாமி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். மணல் விரிக்கச் சொன்னது முதலில் தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். யாரிடம் என்றில்லாமல் முணுமுணுத்தாள்.

"இடியப்பத் தட்டுல மா அடைச்சா ஆரு மேலால தண்ணி ஊத்துற? கவுத்துப் போட்டுப் பின்பக்கத்தால அடிச்சா எல்லாம் உழுந்திரும். இதென்ன பெரிய படிப்பு."

நதீரா திரும்பினாள். சுபியான் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள்.

"சீமெந்து பூசாமத்தானே அடுக்கின" என்றான் அவன் மெதுவாக. "கடைசியா வச்ச கல்லு எதெண்டு எனக்குத் தெரியும். அத எடுத்தா மத்ததெல்லாம் கையோட வரும்."

"மெசினுக்கு விலை விசாரிச்சேன்" என்றாள் நதீரா, தனக்குத்தானே. "கல்லோட மல்லுக்கட்டின மூணு வருசமும் இந்த ஊட்டதானே இடியப்பம் திண்ட நான்."

சுபியான் அதற்குள் அலவாங்குக் கம்பியை எடுத்துவர ஓடிவிட்டான்.

ஓரத்துக் கல் ஒன்றின் இடுக்கில் அலவாங்கின் நுனியை வைத்து ஒரு தட்டு, ஒரு நெம்பு. கல் பல் கழன்ற மாதிரி வந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கைக்கு இலகுவாக வந்தது. ஆறடி நீளத்துக்கு ஒழுங்கை அகலத்தில் இருநூற்று எழுபது கல். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குழாய். கல்லைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தண்ணீரை அடித்தால், முகத்தால் வெள்ளை மணல் கொட்டியது. பெண்கள் வரிசையாகக் குந்தினார்கள். பகல் தூக்கத்துக்கு வந்த தோணிக்காரர்கள் சாரனை மடித்துக் கட்டினார்கள்.

"மாமி, ஒங்கட தட்டு பெரிசாப் போச்சு" என்றாள் றினோஸா.

"கழுவுகா. மா இல்லாமக் கழுவு."

கல் கிளப்பிய இடத்தில் நதீரா குந்திச் சல்லிப் படுக்கையைக் கிளறிப் பார்த்தாள். அங்கே மணல் போகவில்லை. அவள் செய்த கல், வந்த மணலையெல்லாம் தன் மேல் தோலிலேயே பிடித்து நிறுத்தியிருந்தது. பூபாலசிங்கமும் குனிந்து பார்த்தார். பக்கத்தில் கழுவாமல் கிடந்த ஒரு கல்லை எடுக்கப் போனவர், சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் கை வச்சா சோதனை கெட்டுப் போகும்" என்றார். ஆனால் அந்த ஒரு மணித்தியாலமும் அவர் உட்காரவேயில்லை.

சுபியான் கல்லைத் திரும்ப அடுக்கினான். அவன் கைக்கு அது பழகின வேலை. ஆனாலும் ஒவ்வொரு கல்லையும் ஒரு தடவை வானத்துக்கு நேரே பிடித்து, கண் திறந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வைத்தான். எத்தனை இரவு இவள் இந்தக் கல்லை இப்படி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்திருப்பாள் என்று நினைத்தான். அவன் ஒரு நாளைக்கு முந்நூறு கல் அரிகிறவன். ஒரு கல்லை அவன் ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை.

மறுபடியும் வளையம். மறுபடியும் களி. அதே இடம், அதே பதினெட்டு லீற்றர். சுஜித்தா நேரத்தை ஓடவிட்டாள்.

தண்ணீர் ஒரு தடவை சுழன்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. கல்லுக்கடியில் யாரோ இருந்து உறிஞ்சுவது போல, வளையத்தின் உள்வரிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசியில் ஈரம் மட்டும் மினுங்கியது.

"எழுபத்தொரு செக்கன்" என்றாள் சுஜித்தா.

பதித்த புதிதில் நாற்பது செக்கன் எடுத்த கல் அது. பழைய நிலைக்கு முழுதாக வரவில்லை. நதீரா அதையும் மறைக்காமல் சொன்னாள்.

"நாப்பது வேண்டாம் பிள்ள. நூற்றிருபதுக்குள்ள எண்டுதானே விதி" என்றார் பூபாலசிங்கம். பேனையை எடுத்து, வட்டம் போட்ட வரிக்குப் பக்கத்தில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். "கல்லைக் கிளப்பி, கவிழ்த்துக் கழுவி, திரும்பப் பதிக்கலாம். விசேட மெசின் தேவையில்லை. ஊர் மக்களே ஒரு மணித்தியாலத்தில் செய்ததை நேரில் பார்த்தேன்."

மாமி நிலைப்படியிலிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு, "அதுல இடியப்பத் தட்டு எண்டு எழுதல்லயா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவர் சிரித்தார்.

சிரித்துவிட்டு மற்றொரு கேள்வி கேட்டார். "மார்கழியில இந்தக் கரையில கிணறு தரையோட நிக்கும். நிலமே நிரம்பியிருந்தா உங்கட கல்லு எங்க கொண்டு போய் விடும்?"

"விடாது சேர்" என்றாள் நதீரா. "அந்தக் கிழமைகள்ல கல்லு மட்டும் போதாது. ஒழுங்கை முடியிற இடத்தில வடிகாலுக்கு ஒரு குழாய் வைக்கணும். எட்டாம் பக்கத்தில படம் கீறியிருக்கன். முழு வெள்ளத்தையும் நிப்பாட்டும் எண்டு நான் எங்கயும் எழுதல்ல."

"எழுதேல்ல எண்டு பாத்தன்" என்றார் அவர். "அதாலதான் இந்தப் பைல் இவ்வளவு தூரம் வந்தது. வாறவங்க எல்லாரும் முழுசாத் தீர்ப்பம் எண்டுதான் எழுதிக் கொண்டு வருவாங்க."

கைக்குட்டையை விரித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: முதற்கட்ட நிதிக்கு அவர் சிபாரிசு செய்வார். அச்சுக்கும் மெசினுக்கும் சான்றிதழுக்கும் அது போதும். ஆனால் கல் சந்தைக்குப் போவது இரண்டாம் கட்டத்தில். அதற்கு ஒரு பொது வீதியில் அரைக் கிலோமீற்றர் பதிக்க வேண்டும். பதிவுள்ள வீதி ஒப்பந்தக்காரர் ஒருவர் சேர்ந்து செய்கிறேன் என்று கடிதம் தர வேண்டும். இருபத்தொரு நாளுக்குள்.

"இந்தப் பகுதியில் தகுதியுள்ளவர்கள் நாலு பேர்" என்றாள் சுஜித்தா, திரையைப் பார்த்து. "மூன்று பேரோட போன கிழமை கதைச்சனாங்க. தெரியாத பொருளில கை வைக்க விருப்பமில்லையாம். மிச்சம் ஒராள். முபாறக், மருதமுனை."

றினோஸா மதிலில் ஏதோ எறும்பைத் தேடினாள்.

"தெரிஞ்ச ஆளோ?" என்று கேட்டார் பூபாலசிங்கம்.

"கூடப் பொறந்த காக்கா" என்றான் சுபியான்.

"அப்ப வேலை லேசாப் போச்சு."

அவர் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குப் பார்த்தார். வயதான மனிதர், விளங்கிக்கொண்டார். மாமி ஊற்றிய பிளேன்ரீயை மட்டும் குடித்துவிட்டு, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, கூட்டாமல் மிச்சமிருந்த மணலின் மேல் வெறுங்காலோடு நடந்து போய் ஜீப்பில் ஏறினார்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு மிச்ச ஐம்பத்துநாலு அடியையும் கிளப்பிக் கழுவத் தொடங்கினார்கள். நதீரா ஒரு கல்லைக் கவிழ்த்துப் பிடித்தாள், சுபியான் தண்ணீர் அடித்தான்.

"ஏசு புள்ள" என்றான் அவன். "நெஞ்சுக்குள்ள வச்சிருக்காத."

"என்னத்துக்கு ஏச? மணல் போடாம உட்டிருந்தா அந்த வட்டத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பன்?" குனிந்தபடியே இருந்தாள். "ஆனா அடுத்த முற ஆரும் வந்தா, பாய் விரிங்க."

அவன் சிரிக்கவா வேண்டாமா என்று நின்றபோது ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பெரிய சைக்கிள். சுபியானுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. ஒன்பது மாதமாக அந்தச் சத்தம் இந்தப் பக்கம் திரும்பியதில்லை.

முபாறக் காக்கா இறங்கினார். சேதி எப்படி மருதமுனை போனது என்று கேட்க வேண்டியதில்லை. கல்முனைச் சந்தையில் அப்போது வேறு கதை ஓடியிருக்காது. அவர் தம்பிக்கு ஸலாம் சொன்னார். தம்பி பதில் சொன்னான்.

கழுவி முடிந்த பக்கத்தில் வந்து நின்றார். சைக்கிளில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, நின்ற வாக்கில் ஊற்றினார். தண்ணீர் காலடியில் விழுந்தது. பரவவில்லை, ஓடவில்லை. போய்விட்டது. போத்தல் முடியும் வரை ஊற்றினார்.

"லொறி ஏறினா?" தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"சின்ன லொறி ஏறும் காக்கா" என்றாள் நதீரா. "மணல் லொறி, கல் லொறி ஏத்தப்படாது. அப்பிடித்தான் எழுதியும் இரிக்கி. பெரிய வீதிக்கு ஒங்கட கொங்கிறீட்டுத்தான்."

முபாறக் காக்கா முதல் தடவையாக அவளை நேரே பார்த்தார். அரை நிமிடம் பார்த்திருப்பார். இருபது வருடம் வீதி போடுகிறவர். தன் பொருளால் எது முடியாது என்று கேட்பதற்கு முன்பே சொன்ன ஒருவரை அவர் கண்டதில்லை.

"காக்கா," என்று சுபியான் தொடங்கினான், "ஒரு கடிதம்..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்தார். புதிதாக அடுக்கிய ஓரத்திலிருந்து ஒரு கல்லை விரலாலேயே ஆட்டி உருவினார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு சைக்கிளின் பெற்றோல் தாங்கியின் மேல் தொடைகளுக்கிடையே அதை வைத்துக்கொண்டார்.

"பாத்திட்டுத் தாறன்" என்றார். சைக்கிள் போய்விட்டது.

ஒழுங்கையின் முகப்பில், அவ்வளவு அழகாக அடுக்கிய கற்களுக்கு நடுவே, ஒரு கல்லளவு பள்ளம் தெரிந்தது. சுபியான் வாடியிலிருந்து புதுக் கல் ஒன்றை எடுத்து வந்து குந்தினான்.

"வைக்காதீங்க" என்றாள் நதீரா.

"ஆரும் தடுக்கி உழுவாங்க புள்ள."

அவள் பக்கத்தில் கிடந்த வாளியை எடுத்தாள். அந்தப் பள்ளத்தின் மேல் கவிழ்த்து வைத்தாள். கையிலிருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்தவரே கொண்டு வந்து வைக்கட்டும். இருபத்தொரு நாள் இரிக்கே."